மரணப் படுக்கை குற்றவாளிக் கூண்டு அன்று

நவம்பர் மாதம் பிறந்தால் நம் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கப்படுகிறது. சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது. அதே வேளையில் பழைய மருத்துவமனைக் கதைகளும் புதுச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு வெளியே வருகின்றன. 'இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர் தம் கண்ணால் கண்டது' என்று தொடங்கும் இக்கதைகளை ஒரு காலத்தில் வார இதழ்களில் வாசித்தோம். பின்னர் தொலைக்காட்சியில் பார்த்தோம். இன்று அவை உள்ளங்கைக்குள் கைப்பேசியாக வந்து சேர்ந்துவிட்டன. திகில் கேட்கும் ஆசை மனித இயல்பு. பாட்டியின் மடியில் படுத்துப் பேய்க்கதை கேட்டு வளர்ந்தவர்களே நாம் அனைவரும். கதை கதையாகவே இருந்திருக்குமானால் அதைக் கண்டிக்க நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஆனால் அக்கதைகள் இப்போது நம் செபக்கூட்ட மேடைகளில் ஏறி அமர்ந்துவிட்டன. இறந்தவர் எவ்வாறு இறந்தார் என்பதைக் கொண்டு அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று அறிவிக்கும் போதகர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். "கடைசி நேரத்தில் அலறினாராம், மூலையைப் பார்த்து நடுங்கினாராம், நர்ஸே சொன்னார்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் மூச்சடக்கிக் கேட்கிறது. கடவுள் தமக்கென்று வைத்துக்கொண்ட தீர்ப்பை, ஒரு செவிலியரின் வாய்மொழியைச் சான்றாக வைத்து, ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள். இதைத்தான் இக்கட்டுரையில் எதிர்க்கிறேன். இது சமயப் பற்று அன்று. சாகிறவர்களுக்குச் செய்யும் கொடுமை, இருப்பவர்களுக்குச் செய்யும் கொடுமை.

செவிலியர்கள் உண்மையில் என்னதான் சொல்கிறார்கள் என்பதை முதலில் ஒழுங்காகக் கேட்போம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவமனை வார்டுகளில் நடந்து பழகியவன் என்ற முறையில், அவர்களுடைய பேச்சு எனக்குப் புதிதன்று. எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து, என்றோ இறந்துபோன தன் தாயை "அம்மா, வந்துவிட்டாயா" என்று அழைக்கிறாள். பல நாள் பேச்சு மூச்சின்றிக் கிடந்த முதியவர் திடீரென்று கண் விழித்துக் காப்பி கேட்கிறார், பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்; வீட்டார் மகிழ்ந்து ஊருக்குச் செய்தி சொல்ல, மறுநாள் விடியலில் உயிர் பிரிகிறது. இன்னொருவர் தம் செருப்பைத் தேடுகிறார். வண்டி வந்துவிட்டதா, பெட்டியைக் கட்டியாயிற்றா என்று நச்சரிக்கிறார். பிள்ளைகள் மூன்று நாள் இரவு பகலாகக் காத்திருக்க, அவர்கள் தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடத்தில் ஒரு தாய் கண்ணை மூடிவிடுகிறாள். ஆள் இல்லாத அறையிலிருந்து அழைப்பு மணி ஒலிக்கிறது. உடலைக் குளிப்பாட்டத் திருப்பும்போது, இறந்தவர் பெருமூச்சு விடுகிறார்.

இவற்றைச் சொல்லும் செவிலியர்களின் குரலைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் திகில் குறைவு. கோயிலுக்குள் பேசுவதுபோல் ஒரு தணிந்த குரல். திகில் பின்னால் சேர்க்கப்படுவது. கேட்டவர் சேர்ப்பது, எழுதியவர் சேர்ப்பது, பின்னணி இசை போடுகிறவர் சேர்ப்பது.

இவற்றுள் சில மிக எளிதில் விளங்குபவை. இறந்தவரின் நெஞ்சுக்கூட்டில் காற்று எஞ்சியிருக்கும். உடலைப் புரட்டும்போது அது குரல்வளை வழியே வெளியேறுகையில் முனகல் கேட்கும். சாகும் தறுவாயில் தொண்டையில் கோழை கறகறப்பதைக் கேட்டு எமனோடு போராடுகிறார் என்கிறோம். விழுங்கும் ஆற்றலும் இருமும் ஆற்றலும் போய்விட்டதால் தேங்கும் எச்சில் அது. மூச்சு வேகமெடுத்து, தணிந்து, அடியோடு நின்று, நின்றுவிட்டது என்று எல்லாரும் அழத் தொடங்கும்போது மீண்டும் புறப்படுமே, அந்த மூச்சை 1818-ல் ஜான் செய்ன், 1854-ல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்தே மருத்துவ நூல்கள் அதை அழைக்கின்றன. மூளைச்சாவு அடைந்தவரின் கைகள் தாமாக உயர்ந்து மார்பின்மேல் குவிவதும் உண்டு. அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். மருத்துவர்கள் அதற்கு, பெத்தானியாவில் உயிர்பெற்று எழுந்த இலாசரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கூப்பிய கைகளைக் கண்டு உயிர் இருக்கிறது என்று கதறும் உறவினருக்கு அதை விளக்கிச் சொல்லும் பாரமும் பெரும்பாலும் செவிலியர் தலையில்தான் விழுகிறது. காலி அறையின் மணியைப் பொறுத்தவரை, நம் கட்டடங்களின் மின்கம்பிகளைப் பார்த்தவர்கள் ஆவியைத் தேட மாட்டார்கள்.

எல்லாமே இப்படி விளங்கிவிடுவதில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அணையப் போகும் விளக்கு சுடர்விட்டு எரியும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்த அந்தக் கடைசித் தெளிவுக்கு, ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் நாம் என்பவர் 2009-ல் ஒரு பெயர் சூட்டி ஆராயத் தொடங்கினார். மறதி நோயால் ஆண்டுக்கணக்கில் மகனையே அறியாதிருந்த தாய், சாவதற்கு முந்திய நாள் அவனை அடையாளம் கண்டு பேசுவது எவ்வாறு என்பதற்கு மருத்துவம் இன்னும் முடிந்த விடை தரவில்லை. இறந்தவர்களைக் காணும் காட்சிகளும் அப்படியே. அமெரிக்காவின் பஃபலோ நகரில் அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பணியாற்றிய கிறிஸ்டோபர் கெர் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 59 நோயாளிகளிடம் அவர்கள் கண்ட கனவுகளையும் காட்சிகளையும் பற்றி நாள்தோறும் கேட்டு எழுதி 2014-ல் வெளியிட்டார்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஏதேனும் ஒரு காட்சியையாவது கண்டிருந்தனர். சாவு நெருங்க நெருங்க, காட்சியில் வருபவர்கள் இறந்துபோன உற்றார் உறவினராக இருப்பது மிகுந்தது; அத்தகைய காட்சிகளே மற்றவற்றைவிட மிகுந்த ஆறுதல் தந்தன. கவனியுங்கள், ஆறுதல். மேடையில் கேட்கும் கதைகளில் இந்தச் சொல் அகப்படுவதில்லை.

இதற்கு முன்னும் ஆராய்ச்சி நடந்தது. லாத்வியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கார்லிஸ் ஓசிஸ் 10,000 மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வினாத்தாள் அனுப்பி, 1961-ல் அறிக்கை வெளியிட்டார். பதில் எழுதியவர்கள் 640 பேர். எதையும் காணாதவர் எதற்காகத் தபால்தலை ஒட்டப் போகிறார் என்ற கேள்வி என்னைப் போன்றவனுக்கே எழுகிறது. பின்னர் அவரும் ஐஸ்லாந்து நாட்டு உளவியலறிஞர் எர்லெண்டூர் ஹரால்ட்சனும் 1972, 1973 ஆண்டுகளில் நம் நாட்டின் வடபகுதிக்கு வந்து, இங்குள்ள மருத்துவர்களையும் செவிலியர்களையும் நேரில் கண்டு விசாரித்தார்கள். அமெரிக்க நோயாளிகள் பெரும்பாலும் இறந்த உறவினரைக் கண்டிருந்தனர். நம்மவர்களிடம் சமய உருவங்கள் மிகுதி. இங்கே எமதூதர்கள் வந்திருந்தனர். அங்கே எமதூதர் எவரும் வரவில்லை. காட்சி எங்கிருந்து வந்தாலும், காண்பவரின் வீட்டு உடையை உடுத்திக்கொண்டே வருகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியிருக்க, ஒருவர் கறுப்பு உருவத்தைக் கண்டார் என்பதை வைத்து அவருடைய ஆன்மாவின் நிலையைக் கணிப்பது எவ்வளவு பேதைமை!

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆன்மாவின் எடை 21 கிராம், அதை விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது என்று நம் மேடைகளில் முழங்குகிறார்கள், நானே கேட்டிருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டங்கன் மக்டூகல் என்னும் மருத்துவர், சாகும் நிலையிலிருந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றிப் பார்த்தார். அவர்களில் இருவருடைய கணக்கை அவரே தள்ளிவிட்டார். எஞ்சியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த 21 கிராம் ஒரே ஒருவரின் கணக்கு. ஆன்மா பருப்பொருள் அன்று என்று புனித தோமா அக்குவினாசிடம் பாடம் கற்ற திருச்சபையின் மக்கள், ஆன்மாவைத் தராசில் வைத்து மகிழ்வதைக் காணும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மீண்டும் வழக்குக்கு வருகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஒரு கைம்பெண் என்னைத் தேடி வந்தார். கணவர் குடிப்பழக்கம் உள்ளவர். ஈரல் கெட்டு மருத்துவமனையில் இறந்தார். கடைசி இரண்டு நாள் மனைவியை அடையாளம் தெரியாமல் ஏசினார், கட்டிலைவிட்டுத் தாவினார், சுவரைப் பார்த்து அலறினார். இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, தெளிவாக இருந்தபோது, ஒப்புரவு அருள்சாதனம் பெற்று நற்கருணையும் உட்கொண்டவர் அவர். ஆயினும் அடக்கத்திற்குப் பின் வீட்டுக்குச் செபிக்க வந்த ஒருவர், அந்த அலறலே அவர் சென்ற இடத்தைக் காட்டிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "சாமி, இனி அவருக்குப் பூசை வைத்து என்ன பயன்?" முப்பதாம் நாள் பூசைக்காகச் சேர்த்த பணத்தை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று நின்றார்.

ஈரல் செயலிழந்தால் அது வடிகட்ட வேண்டிய நச்சுகள், குறிப்பாக அம்மோனியா, இரத்தத்தில் தங்கி மூளையைத் தாக்கும். நோயாளி உளறுவார், அலறுவார், கை ஓங்குவார். சிறுநீரகம் பழுதானாலும், பிராணவாயு குறைந்தாலும், கிருமி பரவினாலும் இதே கதை. சாகும் நிலையிலுள்ளோரில் பெரும்பாலோருக்குக் கடைசி நாள்களில் இத்தகைய சித்தக் கலக்கம் வருகிறது என்பது பராமரிப்புத் துறையில் இருப்போர் அனைவரும் அறிந்தது. சில வேளைகளில் காரணம் இன்னும் எளியது. சிறுநீர் கழிக்க முடியாமல் பை நிரம்பிப் புடைத்திருக்கும். பேச வாய் இல்லாத நோயாளி கட்டிலில் புரண்டு துடிப்பார். அனுபவமுள்ள செவிலியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒரு குழாயைச் செலுத்துவார்; கால்மணி நேரத்தில் அவர் அமைதியாகத் தூங்குவார். சாத்தானை விரட்டச் செபமாலையோடு சூழ்ந்து நின்றவர்கள் அந்தக் குழாயைப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானதையும் கண்டிருக்கிறேன். கந்துவட்டியால் ஊரையே அழவைத்த ஒருவர், மார்பின் துணையால் வலியின்றி, புன்னகையோடு கண்மூடினார். புனிதராகப் போய்விட்டார் என்று ஊர் பேசியது. அவர் எங்கே சென்றார் என்று நான் சொல்ல மாட்டேன், அதுவும் எனக்குரிய வேலை அன்று. ஆனால் மார்பின் கிடைத்தவர் மோட்சத்திற்கும் கிடைக்காதவர் நரகத்திற்கும் போவதாகத் தீர்ப்பு எழுதுவோமானால், கடவுளின் நீதி மருந்துக்கடையில் முடிந்துவிடும். வலி தணிக்கும் இம்மருந்து 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் நம் மருத்துவமனைகளில் பல காலம் அரிதாகிப் போனது; 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்ட பிறகும் நம் நாட்டில் மிகப் பலருக்கு அது எட்டவில்லை. நோயாளியின் வலியைத் தணிக்க மருந்து தருவது, அதனால் ஆயுள் சற்றுக் குறையக்கூடுமாயினும், சாவை நோக்கமாகக் கொள்ளாதவரை முறையானதே என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொல்லிவிட்டார். முகத்தின் கோணலில் நரகத்தைத் தேடுகிறவர்கள், முதலில் அந்த முகத்தின் வலிக்கு மருந்து கொடுக்கப்பட்டதா என்று கேட்கட்டும்.

இவர்களின் அளவுகோலைக் கல்வாரிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நம் ஆண்டவர் அமைதியாகச் சிரித்துக்கொண்டு உயிர்விட்டதாக எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. கடவுள் தம்மைக் கைவிட்டாரோ என்று கதறியதாகவும், உரத்த குரலெழுப்பி உயிர்விட்டதாகவும் மாற்கு எழுதியிருக்கிறார். பக்கத்து வார்டில் இப்படி ஒருவர் இறந்திருந்தால் நம் போதகர் என்ன அறிவித்திருப்பார்? குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் 1897 செப்டம்பர் 30 அன்று தம் 24-ஆம் வயதில் காசநோயால் மூச்சுத் திணறி இறந்தார். அதற்கு முந்திய பல மாதங்கள் விண்ணகம் என்ற ஒன்று உண்டா என்னும் இருள் அவரைச் சூழ்ந்திருந்தது; அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவரைத் திருச்சபை 1925-ல் புனிதர் என்றும், 1997-ல் மறைவல்லுநர் என்றும் அறிவித்தது. பல்லாயிரம் பேரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையேனும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. இருபது நூற்றாண்டுகளாகத் திருச்சபை சொல்லத் துணியாததை இரண்டு மணி நேரச் செபக்கூட்டத்தில் சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது?

பெரிய கிரகோரியாரே எழுதியிருக்கிறாரே என்பார்கள். உண்மைதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அத்திருத்தந்தை எழுதிய 'உரையாடல்கள்' நூலின் நான்காம் பகுதி மரணப் படுக்கைக் காட்சிகளால் நிறைந்தது. அவருடைய அத்தை தர்சில்லா இறக்கும் தறுவாயில் இயேசு வருவதைக் கண்ட நிகழ்ச்சி அதில் இருக்கிறது. தெய்வநிந்தனை பேசிய ஐந்து வயதுச் சிறுவன், தன்னைக் கொண்டுபோகக் கறுப்பு மனிதர்கள் வருவதாகத் தந்தையின் மடியில் அலறி இறந்த நிகழ்ச்சியும் இருக்கிறது. கொள்ளைநோயும் போரும் உரோமையைத் தின்றுகொண்டிருந்த நாள்களில், சாவோடு ஆன்மா அழிவதில்லை என்று மக்களுக்குத் திடம் சொல்ல எழுதப்பட்ட நூல் அது. அதிலுள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியும் விசுவாசக் கோட்பாடு என்று திருச்சபை எங்கும் கற்பிக்கவில்லை. ஏழு வயது நிரம்பாத குழந்தையைத் தன் செயலுக்குப் பொறுப்பாளியாகக் கருதலாகாது என்பதே இன்றைய திருச்சபைச் சட்டம். அந்தச் சிறுவனைக் குற்றவாளியாக்க எந்தத் திருச்சபை நீதிமன்றமும் முன்வராது. காய்ச்சலில் நடுங்கிய குழந்தை என்றே நான் அதை வாசிக்கிறேன். திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-ல், உத்தரிக்கிற தலம் பற்றிய போதனையை உறுதிசெய்த அதே ஆணையில், வெறும் ஆவலைத் தூண்டுபவையும் மூடநம்பிக்கையும் இழிவான ஆதாயமும் கலந்த பேச்சுகளைத் தடைசெய்யுமாறு ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அக்கட்டளை, காணொளிக்குப் பணம் கிடைக்கும் இக்காலத்திற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவிய 'நன்றாக இறக்கும் கலை' என்னும் சிறு நூலிலும் கட்டிலைச் சுற்றிப் பேய்கள் நிற்கின்றன. மரத்தில் செதுக்கி அச்சிட்ட 11 படங்கள் அதில் உண்டு. ஆனால் அந்நூல் அருகில் இருப்போருக்குக் கற்றுத் தந்தது என்ன? நோயாளியின் காதில் நம்பிக்கையூட்டும் செபங்களைச் சொல்லவும், அவநம்பிக்கை தோன்றினால் கடவுளின் இரக்கத்தை நினைவூட்டவும் கற்றுத் தந்தது. செத்தபின் முகத்தைப் பார்த்துச் சோதிடம் சொல்லக் கற்றுத் தரவில்லை.

காட்சிகள் அனைத்தும் வெறும் பிதற்றல் என்று ஊசியைப் போட்டு நகரும் மருத்துவரைப் பற்றியும் ஒரு சொல். துன்புறுத்தும் கலக்கத்திற்கு மருந்து வேண்டும், ஐயமில்லை. ஆனால் இறந்த தங்கையோடு அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எதற்கு ஊசி? அவர் யாருக்கு என்ன தீங்கு செய்தார்? முதல் மறைசாட்சி ஸ்தேவான் கல்லெறியுண்டு விழும் முன் வானம் திறந்திருக்கக் கண்டார் என்று திருத்தூதர் பணி நூல் சொல்கிறது. புனிதர்களின் சமூக உறவை ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், சாகிறவருக்கு அவருடைய அன்பர்களைக் கொண்டு கடவுள் ஆறுதல் தரக்கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. மெய்ப்பிக்கவும் வேண்டியதில்லை. அது அவருக்குக் கிடைத்தது. நமக்கு அனுப்பப்பட்ட தந்தி அன்று.

இக்கதைகளால் விளையும் கேட்டில் மிகக் கொடியது எது தெரியுமா? சாகிறவர் வாயை மூடிக்கொள்கிறார். "அம்மா வந்திருக்கிறாள்" என்று ஒரு முதியவர் சொன்னதும் வீட்டார் முகம் வெளுக்கிறது. தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு ஏறுகிறது. கட்டிலைச் சுற்றித் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. பேயோட்டுகிறவரைத் தேடி ஒருவர் ஓடுகிறார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் தன் தாயின் முகத்தைக் கண்டு மகிழ்ந்த மனிதர், தான் கண்டது பேயோ என்று தன் தாயையே அஞ்சத் தொடங்குகிறார். அடுத்த நாள் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். பிள்ளைகளுக்கு நிம்மதி. அவருக்கோ, எஞ்சியிருக்கும் இரண்டு நாளில் பேச எவரும் இல்லை.

அவ்வாறு அவர் பேசுவது பின்னிரவு இரண்டு மணிக்கு, இரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியரிடம்தான். உறவினர் தூங்குகிறார்கள், மருத்துவர் வேறு தளத்தில் இருக்கிறார், குருவானவர் அழைக்கப்படவே இல்லை. 2020, 2021 ஆண்டுகளின் பெருந்தொற்றில் இது உச்சத்தை எட்டியது. கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு, சாகிறவரின் காதில் கைப்பேசியைப் பிடித்து, மகளின் அழுகையைக் கேட்கச் செய்தவர்கள் செவிலியர்களே. வார்டு வாசலில் நின்று, தேவைப்பட்டால் ஒலிபெருக்கி வழியாகவும், பொதுப் பாவமன்னிப்பு வழங்கலாம் என்று 2020 மார்ச் மாதம் உரோமை அறிவித்தது. உள்ளே கட்டிலருகே நின்றவர் யார்? அதே ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'நல்ல சமாரியர்' மடல், சிலுவையடியில் நின்றவர்களைச் சுட்டிக்காட்டி, அகலாமல் நிற்பதையே பராமரிப்பின் இலக்கணமாகச் சொன்னது. அப்படி நின்ற ஓர் இளம்பெண் காலையில் விடுதிக்குத் திரும்பி, கண்டதை யாரிடம் சொல்வாள்? பங்கில் நாம் ஒருவராவது கேட்டோமா? அதையெல்லாம் கேட்கத் தயாராக இருந்தவன் காணொளிக்காரன் ஒருவனே. நோயாளியின் கடைசிச் சொற்கள் அவருடைய இரகசியம் என்பதை அறிந்த தொழில் செவிலியர் தொழில். அந்த இரகசியத்தை ஊரறிய உடைக்கச் சொல்லித் தூண்டுகிறவனைக் கடிந்துகொள்வதற்கு முன், அவளுடைய மனச்சுமையை இறக்கிவைக்க ஆலயத்தில் ஓர் இடம் செய்து கொடுக்க வேண்டும்.

உண்மையைச் சொல்வதானால், வார்டில் நோயாளிகள் கண்டு நடுங்கும் வெள்ளை உருவம் ஒன்று உண்டு. அங்கி அணிந்து எண்ணெய்ச் சிமிழோடு வரும் நான்தான் அது. சாமியார் வந்துவிட்டால் உயிர் போய்விடும் என்ற நம்பிக்கையில், நினைவு தப்பிய பிறகே என்னை அழைக்கிறார்கள். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயரை நம் வாய் விடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கேற்பச் சடங்கைப் புதுப்பித்தார். அரைநூற்றாண்டு கடந்துவிட்டது. சாகிறவருக்கென்று திருச்சபை வைத்திருக்கும் அருள்சாதனம் வழியுணவாகிய நற்கருணை. அதை உட்கொள்ள விழுங்கும் ஆற்றலும் நினைவும் வேண்டும். உயிர் போகிற நேரத்தில் அழைத்தால் அதைத் தர இயலாது.

குரு வரும்வரை சும்மா நிற்க வேண்டும் என்பதும் இல்லை. மரிப்போருக்கான செபங்களைப் பொதுநிலையினர் யாவரும் சொல்லலாம். மெதுவாக, காதருகில், உரக்கக் கத்தாமல் சொல்லுங்கள். 2020-ல் கனடாவின் வான்கூவர் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்றில், அசைவற்றுக் கிடந்த நோயாளிகளில் சிலருடைய மூளை, சாவதற்குச் சில மணி நேரம் முன்பும் ஒலிகளுக்கு மறுமொழி காட்டியது. ஆகவே கட்டிலருகே நின்று பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பேசுவதை நிறுத்துங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். அது வயிற்றுக்குப் போவதில்லை, நுரையீரலுக்குப் போகிறது. பாலுக்குப் பதிலாக லூர்து தீர்த்தம் ஊற்றினாலும் நுரையீரல் வேறுபாடு பார்க்காது. ஈரத் துணியால் உதட்டை நனையுங்கள், போதும். நோயாளர்க்கென்று ஒரு துறவற சபையை நிறுவிய புனித கமில்லஸ், மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னும் சற்று நேரம் செபத்தைத் தொடரவும், முகத்தை உடனே மூடிவிடாதிருக்கவும் தம் சபையினருக்குச் சொல்லிவைத்தார். அவருடைய சபையினரை இத்தாலிய மக்கள் நல்மரணத்தின் தந்தையர் என்று அழைத்தனர். செவிலியர்களுக்கு அவரே பாதுகாவலர்.

அந்தக் கைம்பெண்ணுக்கு நான் விளக்கம் எதுவும் நீட்டவில்லை. முப்பதாம் நாள் பூசை நடந்தது. அவருடைய கணவரின் பெயரைத் திருப்பலியில் உரக்கவே வாசித்தேன். தீர்ப்புச் சொன்னவரும் அன்று கோயிலில் இருந்தார்.

அண்மையில், அயர்லாந்தில் செவிலியராகப் பணிபுரியும் ஒரு பெண் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என்னிடம் ஒன்று கேட்டார். அங்கே நோயாளி இறந்ததும் மூத்த செவிலியர்கள் அறையின் சன்னலைத் திறந்து விடுகிறார்களாம், ஆன்மா வெளியே போகட்டும் என்று. கத்தோலிக்கர் அப்படிச் செய்வது மூடநம்பிக்கை ஆகாதா, தாம் திறக்கலாமா என்பது அவர் ஐயம். ஆன்மாவுக்குச் சன்னல் தேவையில்லை என்றேன். ஆனால் பல நாள் மூடிக்கிடந்த அறை அது. அழுது களைத்த வீட்டார் உள்ளே வரப் போகிறார்கள். திறந்து விடம்மா என்றேன்.